முகவரி கேட்டு வந்தவர்

என் அன்பு வாயாடிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே அம்மா, தம்பி, நான் மூவரும் சௌக்கியம், நீ அங்கே வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்பிக்கொண்டிருக்கிறோம். தம்பி பரீட்சையை நன்றாக எழுதியதாகச் சொல்கிறான், அதை நீயே நம்பமாட்டாய். போனில் பேசினால் அம்மா பக்கத்தில் நிற்பாள், அதனால்தான் இந்தக் கடிதம். போன திங்கட்கிழமை கடையில் ஒரு மோட்டாருக்குச் செப்புக் கம்பியில் காயில் சுற்றிக்கொண்டிருந்தேன், ஒருவர் வந்து எதிர் ஸ்டூலில் உட்கார்ந்தார். நிமிர்ந்தேன், உன் மூக்கு. உன்னைப் பெற்ற தகப்பனார். நீ தவழ்கிற வயதில் போனவர், இத்தனை வருஷம் எட்டிப் பார்க்காதவர், இப்போது உன் முகவரி வேண்டுமாம். நான் கம்பியைச் சுற்றிக்கொண்டே இருந்தேன். "உங்களுக்குத்தான் சொந்தமா ஒரு பையன் இருக்கானே, என் பொண்ண எனக்கு விட்டுக்குடுங்களேன்" என்றார். எனக்குச் சுற்று எண்ணிக்கை தப்பிவிட்டது, கம்பி முழுவதையும் பிரிக்க வேண்டியதாயிற்று. வெளியே போங்கள் என்றுதான் சொல்ல வந்தேன், ஆனால் வெயிலில் நடந்து வந்தவர், தண்ணீர் கொடுத்து அனுப்பினேன். நேற்று மறுபடியும் வந்து உட்கார்ந்துவிட்டுப் போனார்.

அம்மாவிடம் சொன்னேன். "அவகிட்ட மூச்சு விடாதீங்க, அந்த ஆளு திரும்ப வந்தா என்கிட்ட அனுப்புங்க, நான் பேசிக்கிறேன்" என்று கரண்டியோடு நின்றாள். அவள் கோபம் நியாயம்தான். ஆனால் உன் விஷயத்தை உனக்குத் தெரியாமல் நாங்கள் தீர்த்துவிட்டால் நாளைக்கு எங்களைச் சும்மா விடுவாயா, உன் வாய் எனக்குத் தெரியாதா. என் கையைப் பிடித்துப் பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து என்னை அப்பா என்றுதான் கூப்பிடுகிறாய், அவரைப் பார்த்த பிறகு என்ன சொல்லிக் கூப்பிடுவாயோ என்று பயமாக இருக்கிறது, இந்த வயதில் இப்படி ஒரு பயம், வெட்கக்கேடு.

கொடுங்கள், கொடுக்காதீர்கள், இரண்டில் ஒன்று சொல். மதியம் கடை போனுக்குக் கூப்பிடு. "உங்க இஷ்டம்ப்பா" என்று மட்டும் சொல்லாதே, என் இஷ்டம் என்றால் அவரைக் கடைப் படியேற விடமாட்டேன். கொடுக்கச் சொன்னால் கோபப்படமாட்டேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், பொய் எதற்கு, கோபப்படுவேன், இரண்டு நாள் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசமாட்டேன். ஆனால் முகவரியை நானே என் கையால், பின்கோடு வரைக்கும் தெளிவாக எழுதிக் கொடுப்பேன்.

எந்தக் குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும். ஹீட்டர் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் தண்ணீரில் கை வைக்க வேண்டும், மறக்காதே.

இப்படிக்கு,
நீ எதைச் சொன்னாலும்,
உன் அப்பா