பொந்துச் சுவர்

மார்ச் 3, திங்கள்

இன்று முதல் நான் எழுதப்போவதை எவனும் நம்பமாட்டான் என்று சத்தியம் செய்கிறேன். என் தங்கை மகள் ரஞ்சனி, கட்டட இன்ஜினியர், உலகத்தைக் காப்பாற்றப் போகிறாள். எங்கிருந்து? திருச்சி எடமலைப்பட்டி புதூரில், என் மாடியில் எழும்பப்போகும் ஒற்றை அறையிலிருந்து.

செங்கல்லைப் படுக்கவைக்காமல் நிறுத்தி, நடுவில் பொந்து விட்டுக் கட்டுவாளாம். செங்கல் குறையும், சிமெண்ட் குறையும், அவற்றைச் சுட்டெடுக்கிற புகையும் குறையும். வெயிலும் உள்ளே இறங்காதாம். சரி தாயி. வாதாட எனக்கு வலு இல்லை.

மார்ச் 8

அறை நன்றாக வந்தால் பாலக்கரை தாஜுதீன் பாய் தன் மூன்று மாடி லாட்ஜை அவளிடமே கொடுப்பார். அவளுக்கு முதல் பெரிய வேலை. பாயிடம் போனில் சொல்லிவைத்தேன்: "சித்திரையில எங்க மாடியில கம்பளி போத்தித்தான் படுக்கணும் பாய்."

மார்ச் 17

போச்சு. ரஞ்சனி இரண்டு நாள் சென்னை போயிருந்தாள். கொத்தனார் வெள்ளைச்சாமி மேற்குச் சுவரை இடுப்பு உயரம் ஏற்றிவிட்டார் — ஒவ்வொரு பொந்திலும் சிமெண்ட் கலவையைக் கொட்டி நிரப்பி!

"பொந்தா விட்டுட்டுப் போனா திருட்டுக் கொத்தனார்னு என்னையத்தானே சொல்லுவாங்க? உங்க வீட்டுக்குத் துரோகம் பண்ணுவனா சார்?"

ரஞ்சனி கத்தவில்லை. மணல் குவியலில் உட்கார்ந்துவிட்டாள். "சாதாரணச் சுவத்தை விட இதுக்குத்தான் சிமெண்ட் ஜாஸ்தி மாமா."

இடிச்சா போன சிமெண்ட் திரும்பி வருமா? யாரைத் திட்ட? அந்த மனுஷன் நேர்மையா இருந்ததுக்கா?

மார்ச் 18

இடிக்கவில்லை. மேலே மட்டும் பொந்து. வெள்ளைச்சாமி முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு கட்டுகிறார்.

ஏப்ரல் 20

வெயில். மலைக்கோட்டையே உருகிக் காவிரியில் வழிகிறது. எழுதக் கை வரவில்லை.

மே 11, ஞாயிறு

சாயங்காலம் பாய் முடிந்த அறையைப் பார்க்க வந்தார். வெள்ளைச்சாமியும் இருந்தார். ரஞ்சனி ஒளிக்கவில்லை. "கீழ் பாதி தப்பாயிடுச்சு பாய். பொந்தை நிரப்பிட்டாங்க."

நான் குறுக்கே விழுந்து, கீழே தோசை சுடலாம், மேலே ஐஸ் கட்டும் என்றேன்.

"உங்க வாய்க்கே தனியா ஒரு லாட்ஜ் கட்டணும் சார்" என்று சிரித்தார் பாய். பிறகு மேற்குச் சுவரின் உள்பக்கம் கை வைத்தார். கீழே. மேலே. மறுபடி கீழே. சிரிப்பு நின்றது. வெள்ளைச்சாமியின் கையையும் பிடித்து வைத்துப் பார்த்தார்.

"இனிமே பொந்தை நிரப்புவீங்களா கொத்தனாரே?"

"மாட்டேங்க பாய்."

"அப்ப என் லாட்ஜுக்கும் நீங்களே வாங்க. பாப்பா சொல்றபடி கட்டுங்க."

ரஞ்சனி மறுபடி, வெளியே மிச்சமிருந்த மணலில் உட்கார்ந்தாள். இந்த முறை சிரித்துக்கொண்டு.

அலுப்பாக இருக்கிறது, ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கம்பளி பொய். தோசை பொய். மலைக்கோட்டை இருந்த இடத்திலேயே இருக்கிறது. கீழே சுட்டது, மேலே சுடவில்லை — அது மட்டும் நிஜம்.