ரங்கூனில் ஓங்காத கை

1965 பிப்ரவரி 9
காலையில் இவர் கடைத்தெருவில் வேலை கேட்டுப் போனார். யாரும் வைத்துக்கொள்ளவில்லை. ரங்கூனில் சொந்தமாகத் துணிக்கடை வைத்திருந்தவர். பர்மா சர்க்கார் அதை எடுத்துக்கொண்டதும் கப்பலேறி, இவருடைய ஊரான செஞ்சிக்கு வந்து ஆறேழு மாதம் ஆகிறது. மத்தியானம் குழம்பில் உப்பு குறைவு என்றார். தட்டு பறந்தது. பிறகு அடி.

பிப்ரவரி 10
இடது காது இன்னும் இரைகிறது.

பிப்ரவரி 13
கிணற்றடியில் பக்கத்து வீட்டு ராஜமதி அக்கா என் கன்னத்தைப் பார்த்தார். வழுக்கி விழுந்தேன் என்றேன்.
"கெணத்தடி ஒனக்கு மட்டும் வாரா வாரம் வழுக்குதா, கமலா?"
குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.
மாமியாரிடம் சொன்னால், "கடைய எழந்துட்டு வந்தவன். நீதான் அனுசரிச்சிப் போவணும்" என்கிறார். நானும் அதே கப்பலில்தானே வந்தேன்? அம்மாவையும் அண்ணன்களையும் அங்கேயே விட்டுவிட்டு—

பிப்ரவரி 20
இன்று அடிக்கும்போது, "ஒனக்கு இங்க யாரு இருக்கா? போய்ச் சொல்லு" என்றார்.
அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். கடை போன அன்றுகூட ரங்கூனில் என்மேல் கை வைத்ததில்லை. அண்ணன்கள் அடுத்த தெருவில் இருந்தார்கள். அப்படியானால் இது கடை போன துக்கம் இல்லை. துக்கம் என்று நான்தான் சொல்லிக்கொண்டேனா?

மார்ச் 2
அடுப்பிலிருந்து கொள்ளிக்கட்டையை உருவினார். ஓடிவிட்டேன். பட்டப்பகல், அவிழ்ந்த தலை, தெருவே பார்த்தது. ராஜமதி அக்கா வீட்டுக்குள் நுழைந்தேன். இவர் பின்னாலேயே வந்து, "அவள வெளிய அனுப்புங்க" என்றார்.
அக்கா வாசலை விட்டு நகரவில்லை. "கட்டைய மொதல்ல கீழ போடு தம்பி. அவளுக்கு வரணும்னு இருந்தா வருவா."
இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். வர மாட்டேன் என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

மார்ச் 5
மாமியார் என் புடவைகளை மூட்டை கட்டிக் கொண்டுவந்தார். "நான் குடுத்தேன்னு அவங்கிட்ட சொல்லிடாத." என் முகத்தைப் பார்க்காமலே போய்விட்டார்.

ஏப்ரல் 18
அக்காவின் தையல் மெஷினில் ஜாக்கெட் தைக்கிறேன். பின்கட்டில் ஓர் அறை கொடுத்திருக்கிறார்கள். சமணர் வீடு, பொழுது சாய்வதற்குள் சாப்பாடு முடிந்துவிடும். எனக்கும் பழகிவிட்டது. அவர் இன்று மறுபடியும் வந்து கூப்பிட்டார். மரியாதையாகத்தான் கூப்பிட்டார். போகவில்லை.

ஜூன் 6
மத்தியானம் அயர்ந்து தூங்கிவிட்டேன். யாரோ கதவைத் திறக்கும் சத்தம் கேட்டது. அந்த வீட்டில் இந்தச் சத்தத்துக்கே துள்ளி எழுந்திருப்பேன். இங்கே, அக்காவாக இருக்கும் என்று திரும்பிப் படுத்துக்கொண்டேன்.