கொம்புப்பாறை ஏறும் கால்

14 ஜூன் 1983, ஜமுனாமரத்தூர்

இன்று விழுந்தேன். கொம்புப்பாறையிலிருந்து இறங்கும்போது, ஓடைக்கு மேலே இருக்கிற வழுக்குச் சரிவில், வலது முட்டி சட்டென்று மடங்கிக்கொண்டது. கால் தடுக்கவில்லை, கல் உருளவில்லை, முட்டி தானாகவே கைவிட்டது. மருந்துப் பெட்டி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். மருமகளுக்கு வாந்தி நிற்கவில்லை என்று என்னை அழைத்துப் போன மாதையன்தான் திரும்பக் கொண்டுவிட வந்துகொண்டிருந்தார். கொம்புப்பாறைக்கு அவர் ஊர்க்கவுண்டர், அதாவது ஊர்த்தலைவர். ஓடிவந்து தூக்கினார். "என்னை வுடுங்க, பெட்டி உடைஞ்சுதா பாருங்க!" என்று எரிந்து விழுந்தேன். பாவம் மனுஷன், பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு, என் கையைப் பிடித்து வீட்டு வாசல் வரைக்கும் விட்டுப் போனார்.

முட்டி பூசணிப் பிஞ்சு மாதிரி வீங்கியிருக்கிறது. ஐம்பத்தைந்து வயது. இந்த மலைக்கு நர்சம்மாவாக வந்து இருபது வருஷம் ஆகப்போகிறது. விழுவது இதுதான் முதல் தடவை என்று எழுதினால் பொய். பிறர் பார்க்க விழுந்தது இதுதான் முதல்.

16 ஜூன்

புது டாக்டர் பார்த்தார். தேய்மானமாம். "மலை ஏறுனது போதும்மா. முடியலைன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க, கீழ மாத்தச் சொல்றேன்." நல்ல மனசோடுதான் சொன்னார். எனக்குத்தான் அறையவேண்டும் போல இருந்தது.

எழுதிக் கொடுத்தால் நான் இறங்கிப் போய்விடுவேன். என் இடத்துக்கு யார் வருவார்கள்? மலைக்கு அந்தப் பக்கத்து ஊர்களைப் பார்த்துக்கொண்டிருந்த நர்ஸ் காந்தா மாற்றலாகிப் போன பிறகு அந்த இடம் இன்னும் காலிதான். ஆள் வரும், ஆள் வரும் என்கிறார்கள். வந்தபாடில்லை.

அதோடு வெள்ளையம்மாள் இருக்கிறாள், மாதையன் மருமகள். போன பிரசவத்தில் குழந்தை செத்துப் பிறந்தது. இவளுக்கு ரத்தம் நிற்காமல் போய், துணி மாதிரி வெளுத்துக் கிடந்தாள். நான் பக்கத்தில் இருந்தேன், ஊசி போட்டேன், நின்றது. இந்தத் தடவையும் அப்படியே ஆகலாம். ஆஸ்பத்திரிக்கு முன்னாலேயே வந்து படுத்துக்கொள் என்றால் அந்த வீட்டில் யாரும் கேட்கமாட்டார்கள். கார்த்திகையில் தேதி. மழைக்காலம். அப்போது பையைத் தூக்கிக்கொண்டு நான் அந்த ஏற்றத்தை ஏறியாக வேண்டும். எழுதித் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

26 ஜூன்

செங்கத்திலிருந்து தம்பி வந்தான். கண்ணாயிரம் மிலிட்டரியில் இருந்து வந்தவன், இன்னும் மீசைக்கு எண்ணெய் போடுகிறான். என் தோள் பையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திட்ட ஆரம்பித்தான்.

"இன்னாக்கா இது, ஒரே தோள்ல மாட்டிக்கினு, ஒரு கையில பொட்டியும் தூக்கினா முட்டி இன்னாத்துக்கு ஆவும்? கழுதை கூட ரெண்டு பக்கமும் சமமாத்தான் சொமக்குது."

தன் பழைய பச்சைப் பையைக் கொண்டுவந்திருக்கிறான். முதுகில் மாட்டுகிற பை. கனமானதை மேலே, முதுகோடு ஒட்டி வைக்கவேண்டுமாம். இறங்கும்போதுதான் முட்டி கெடுகிறதாம், அதனால் கோல் ஊன்றி, சின்ன அடியாக, மெதுவாக இறங்கவேண்டுமாம். வீக்கம் வற்றினதும் பையில் கொஞ்சம் ராகி போட்டுக்கொண்டு தினம் நட, வாரத்துக்கு வாரம் ராகியைக் கூட்டு என்றான். சுவரில் முதுகைச் சாய்த்துப் பாதி உட்காரச் சொன்னான். உட்கார்ந்தேன். தொடை நடுங்கி, பிறகு உடம்பே நடுங்கி, கடைசியில் தொப்பென்று தரையில். அவன் சிரித்தான். நானும்தான் சிரித்தேன். அவன் பஸ் ஏறின பிறகு அழுதேன்.

11 ஜூலை

ராகியோடு முதல் நடை. கடைத்தெரு வரைக்கும். மளிகைக் கடை சிங்காரம் கல்லாவிலிருந்தே கூவினான்: "இன்னா நர்சம்மா, மூட்டை முடிச்சோட ஊரவுட்டே போறீங்களா?" உன் பெண்டாட்டி பிரசவத்துக்கு ராகி கொண்டுபோகிறேன் என்றேன். அவன் பெண்டாட்டிக்கு என் வயது. கடையே சிரித்தது.

12 ஜூலை

நடக்கவில்லை. வலி.

13 ஜூலை

நடந்தேன். வலி.

30 ஜூலை

சின்ன வயதில் உடம்பு கேட்காமலே கொடுக்கும். இந்த மலைக்கு வந்த புதிதில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, பாட்டு வேறு பாடிக்கொண்டு ஏறியிருக்கிறேன். இப்போது ஒவ்வொன்றுக்கும் அதனிடம் கெஞ்ச வேண்டியிருக்கிறது. காலையில் எழுந்ததும் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து முட்டியைத் தேய்த்து, நல்ல வார்த்தை சொல்லி, பிறகுதான் நிற்கமுடிகிறது. ஒரு நாள் விட்டால் மூன்று நாள் பின்னால் போகிறது. மூன்று நாள் நன்றாகச் செய்தாலும் ஒரு அடி முன்னால் போகிறதா என்பது சந்தேகம். யாருக்காக இத்தனை பாடு? கேட்டுக்கொள்கிறேன். பதில் தெரியும், அதனால் இன்னும் எரிச்சல்.

17 ஆகஸ்ட்

விழுந்த பிறகு முதல் தடவையாகக் கொம்புப்பாறை. முதுகில் பை, முட்டியில் கட்டு, கையில் மூங்கில் கோல். ஏறிவிட்டேன்! மெதுவாகத்தான். ஆனால் முட்டி மடங்கவில்லை.

வெள்ளையம்மாள் வெளுத்திருக்கிறாள். கொடுத்த இரும்புச் சத்து மாத்திரையெல்லாம் சாமைப் பானைக்குள் கிடக்கிறது. தின்றால் குழந்தை பெருத்துவிடுமாம். என் முன்னால் ஒன்றை விழுங்க வைத்தேன். முகத்தைச் சுளித்தாள், பிறகு என் முட்டிக் கட்டைப் பார்த்து, "ரொம்ப நோவுதா நர்சம்மா?" என்றாள். உள்ளே போய் இலுப்பை எண்ணெய் கொண்டுவந்து, வேண்டாம் வேண்டாம் என்றாலும் கேட்காமல் தேய்த்துவிட்டாள். இருபது வயதுகூட இருக்காது. விரல் எல்லாம் காய்ப்பு.

இவளுக்கு மாமியார் மங்கம்மாள். அந்த ஊர்ப் பிரசவங்களைப் பார்ப்பவளும் அவள்தான். போன தடவை விழுந்தேனே, அதற்காகக் காளியம்மனுக்குக் கோழி அறுத்திருக்கிறாள்! அவர்கள் ஊரில் ஒரு வழக்கம்: ஒருவரைக் கூப்பிட்டால், கூப்பிட்ட வீடுதான் அவரை நல்லபடியாகத் திரும்பக் கொண்டு சேர்க்கவேண்டும். வழியில் எது நடந்தாலும் அந்த வீட்டுப் பழி. "உனக்கு எதுனா ஆயிருந்தா எங்க வூடு வெளங்காதும்மா" என்றாள். கோழிக்குழம்பில் எனக்குப் பங்கு எங்கே என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள், அவளைத் தவிர.

வலி எடுத்ததும் ஆள் அனுப்பவேண்டும் என்று மாதையனிடமும் வெள்ளையம்மாள் புருஷன் கோவிந்தனிடமும் சொன்னேன். தலையாட்டினார்கள்.

11 செப்டம்பர்

பை நிறைய ராகி. ஊருக்கு மேலே இருக்கிற மேட்டுக்குப் போய்த் திரும்பினேன். வீக்கம் இல்லை.

2 அக்டோபர்

தம்பி வந்து பார்த்துவிட்டு, "பரவால்லக்கா, பட்டாளத்துல சேத்துக்குவாங்க" என்றான். சுவரில் சாய்ந்து பாதி உட்கார்ந்து, அப்படியே ஒரு டம்ளர் காப்பி குடித்துக் காட்டினேன். என்னைப் பற்றி எனக்கே பெருமையாக இருக்கிறது. சொல்லிவிட்டுப் போகிறேன், யார் கேட்கப்போகிறார்கள்.

20 அக்டோபர்

மறுபடி கொம்புப்பாறை. ஓடைச் சரிவில் ஒரு தடவைகூட உட்காரவில்லை. குழந்தை தலை கீழாகத் திரும்பியிருக்கிறது, துடிப்பு நன்றாக இருக்கிறது. வெள்ளையம்மாள் மாத்திரை சாப்பிடுகிறாளாம். பானைக்குள் கைவிட்டுப் பார்த்தேன், இல்லை. வேறு எங்கே ஒளித்தாளோ.

திரும்பும்போது மாதையன் என் பையைப் பிடுங்காத குறை. "முதுவுல இவ்ளோ பெரிய மூட்டையா? குடுங்கம்மா" என்றார். நானே தூக்கிக்கொள்வேன் என்று எவ்வளவு சொல்லியும் கேட்காமல் தலையில் வைத்துக்கொண்டார். நான் தம்பி சொன்ன மாதிரி கோல் ஊன்றிச் சின்ன அடியாக இறங்கினேன். அவர் ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். மங்கம்மாள் ஊர் எல்லை வரை வந்து, என் கோலையே பார்த்துக்கொண்டு நின்றாள். இவ்வளவு நன்றாக இறங்குகிறேனே என்று பார்த்திருப்பாள்.

12 நவம்பர்

மழை. பை கதவருகே தயாராக இருக்கிறது. கத்திரி, நூல், பஞ்சு, ரத்தம் நிறுத்துகிற ஊசி மருந்து, எல்லாம் பிளாஸ்டிக் உறையில்.

17 நவம்பர்

மழை. வீட்டுக்குள்ளேயே பையை மாட்டிக்கொண்டு நடந்தேன். பைத்தியம் மாதிரி.

21 நவம்பர்

இன்னும் ஆள் வரவில்லை. முதல் பிரசவம் மாதிரி இல்லை, இது இரண்டாவது, சீக்கிரமே வரும் என்று நினைத்திருந்தேன். தேதி தள்ளிப்போகிறதா? எனக்குக் கணக்குத் தப்புமா?

23 நவம்பர்

மனசு சரியில்லை. கூப்பிடாவிட்டால் என்ன, நாளை விடிந்ததும் நானே போகிறேன்.

24 நவம்பர்

போனேன். எங்கேயும் உட்காரவில்லை. ஓடையில் தொடை வரைக்கும் தண்ணீர், கடந்துவிட்டேன். அந்தச் சரிவில் ஏறும்போது, ஐயோ, சந்தோஷமாகக்கூட இருந்தது. கால் கேட்டதைச் செய்தது. இத்தனை மாதம் பட்ட பாடு வீண் போகவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

ஊருக்குள் போனதும் கோவிந்தன் தலை மழித்து உட்கார்ந்திருந்தான்.

முந்தாநாள் செத்துப்போயிருக்கிறாள். விடியும்போதே பெண் குழந்தை நல்லபடியாகப் பிறந்து அழுதும்விட்டது. அதற்குப் பிறகு ரத்தம் நிற்கவில்லை. போன தடவை மாதிரியேதான். மங்கம்மாள் தெரிந்ததையெல்லாம் செய்திருக்கிறாள். பொழுது சாயும்வரை உயிர் இருந்ததாம். பொழுது சாயும்வரை! நான் வந்துசேர அதில் பாதி போதுமே.

ஏன்டா கூப்பிடல, ஏன்டா கூப்பிடல என்று கோவிந்தனைப் பிடித்து உலுக்கினேன். மாதையன்தான் சொன்னார்.

"கெளம்பிட்டான்மா. ஓடை வரிக்கும் போய்ட்டான். நாந்தான் ஆள் வுட்டு நிறுத்தினேன். கோலு புடிச்சிட்ட ஒடம்ப இந்த மழையில எப்பிடிம்மா இட்டுக்கினு வர்றது? எங்கூர்ல ஒருத்தர் கோலு எடுத்துட்டா அவுங்கள மலை ஏத்த மாட்டோம். கால்ல கட்டு வேற. அடிமேல அடி வச்சி நீங்க எறங்குனத நான் பாத்தனே. வழியில நீங்க வுழுந்து செத்தா அந்தப் பாவத்த எங்க கொண்டுபோய்க் கொட்டுறது?"

அது பலத்துக்கான கோல்யா. நான் நடக்கிறதுக்குக் கத்துக்கினு இருந்தேன்யா. சொன்னேனா, மனசுக்குள் கத்தினேனா, நினைவில்லை.

மங்கம்மாள் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "அவளும் வேணான்னா. நர்சம்மாவுக்குக் கால் வீங்கிடும், பாவம், கூப்புடாதீங்கன்னா."

ஊசி என் பையில்தான் இருந்தது. முதுகிலேயே மாட்டியிருந்தேன், கழற்றத் தோன்றவில்லை.

25 நவம்பர்

முட்டி வீங்கவே இல்லை.

9 டிசம்பர்

டாக்டர் கேட்டார், எழுதித் தருகிறீர்களா என்று. இப்போது தந்தால் என்ன? தரவில்லை. கோபமா, பிடிவாதமா, தெரியவில்லை. மாதையன்மேல் கோபப்பட முயன்று பார்க்கிறேன். முடியவில்லை. என்மேல் அவ்வளவு மரியாதை வைத்தவர் இந்த மலையில் வேறு இல்லை. அதுதான் தாங்கமுடியவில்லை.

8 ஜனவரி 1984

கொம்புப்பாறைக்குத் தடுப்பூசி போடப் போனேன். ஓடைக்கு அப்பால் கோலையும் முட்டிக் கட்டையும் ஒரு புதருக்குள் வைத்துவிட்டு, ஊருக்குள் வெறுங்கையோடு விறுவிறுவென்று நடந்தேன். எல்லோரும் பார்க்கவேண்டும் என்று ஒவ்வொரு வீட்டு முன்னாலும் நடந்தேன். இறங்கும்போதும் அப்படியே, வேகமாக. முட்டி சுளீர் என்றது. சிரித்துக்கொண்டே இறங்கினேன். குழந்தை மங்கம்மாளிடம் இருக்கிறது. ஆட்டுப்பால் குடிக்கிறது. கண் வெள்ளையம்மாளுடையது.

22 ஜனவரி

தம்பி வீக்கத்தைப் பார்த்துவிட்டான். "கோலு எங்க? அந்தக் கால வச்சிக்கினு கோலு இல்லாம எறங்கினியா? இன்னும் ஒரு வருசந்தான் தாங்கும் சொல்லிட்டேன்." ஒரு வருஷம் போதும்டா என்றேன். அவனுக்குப் புரியவில்லை. விளக்கிச் சொல்ல எனக்கும் தெம்பில்லை.

5 பிப்ரவரி

மறுபடி போய்வந்தேன். கோல் இல்லாமல், பையைத் தலையில் வைத்துக்கொண்டு, அவர்கள் மாதிரி. மாதையன் கூடவே வந்தார். பாதி வழியில், "தேவலையாம்மா?" என்றார். பாருங்களேன் என்று முன்னால் நடந்தேன்.

வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திவிட்டு, தரையிலேயே படுத்துக்கிடந்தேன்.

19 பிப்ரவரி

காலையில் சுவரில் சாய்ந்து உட்காரப் பார்த்தேன், முடியவில்லை. முட்டி முழுக்க நீர் கோத்திருக்கிறது. ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தபோது வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். கோவிந்தன். மொட்டைத் தலையில் முடி கொஞ்சம் வளர்ந்திருக்கிறது. கையில் எனக்கென்று ஒரு உருண்டை புளி.

"சித்தப்பா வூட்டு குப்பம்மாவுக்கு வலி எடுத்துடுச்சி. அப்பாதான் போய் இட்டுக்கினு வான்னு அனுப்புச்சி" என்றான். பிறகு என் காலைப் பார்த்தான். "வர்றீங்களாம்மா?"

புடவையை இழுத்து முட்டியை மூடினேன். பையை எடுத்துக்கொண்டேன். கோலைக் கதவுக்குப் பின்னால் வைத்துவிட்டுக் கிளம்புகிறேன்.