கடைசிக் கதவு

1991 ஜனவரி 14, திங்கள்

தொழிற்சாலைக்குப் பின்னால் இருக்கும் வயலில் விற்காத கார்கள் பனி மூடி நிற்கின்றன. அத்தனையும் எங்கள் கையால் ஆனவை. இருக்கை உறை தைத்தது நானும் தோழி அன்னலோரேயும். கதவு பொருத்தியது என் கணவன் ஹென்னர். பெர்லின் சுவர் விழும்வரை இந்தக் காருக்காக ஜனங்கள் வருஷக்கணக்கில் காத்துக் கிடந்தார்கள். இன்று, மாடிவீட்டு ட்ஸ்விக் தன் முறை வந்தும் வேண்டாமென்று சொல்லிவிட்டு, மேற்கு ஜெர்மனியிலிருந்து ஒரு பழைய வண்டியை ஓட்டி வந்திருக்கிறார். "கோச்சுக்காதே ஹென்னர், வண்டி சத்தமே போடல பாரு!" ஹென்னர் அந்த வண்டியின் கதவை ஒருமுறை திறந்து மூடிப் பார்த்துவிட்டு உள்ளே வந்தான்.

ஜனவரி 23

வதந்தி இல்லை. தொழிற்சாலையை மூடத்தான் போகிறார்கள்.

பிப்ரவரி 2

மூடக் கூடாதென்று நெடுஞ்சாலையை மறித்து நின்றோம். கால் விறைத்துப் போனது. ஒரு லாரிக்காரர் தலையை நீட்டி, "வீட்டுக்குப் போங்கம்மா, உங்க காரை இனி யாரு வாங்கப்போறா?" என்றார். "உன் லாரிக்கும் ஒருநாள் இதே கதி வரும்டா!" என்று கத்தினாள் அன்னலோரே. எல்லோரும் சிரித்தோம். வீட்டுக்கு வந்து அழுதேன். அந்த ஆள் சொன்னதில் என்ன தப்பு?

ஏப்ரல் 19

கடைசிக் கார். சிவப்பு. யாரோ அதன்மேல் பூ வைத்திருந்தார்கள். கடைசிக் கதவை ஹென்னர்தான் பொருத்தினான். பொருத்தி முடித்தும் கையை எடுக்கவில்லை. மேஸ்திரி தோளைத் தொட்டு, "விடுப்பா, போகட்டும்" என்றார்.

மே 6

ஹென்னர் விடியற்காலையில் எழுந்து, சவரம் செய்து, சட்டை மாட்டிக்கொண்டு சமையலறையில் உட்கார்ந்திருக்கிறான். எங்கே போவான்?

மே 27

ஹென்னருக்கு வேலை கிடைத்துவிட்டது. எங்கள் தொழிற்சாலையை உடைக்கிற வேலை! "யாரோ வந்து உடைக்கிறதுக்கு நானே உடைச்சிட்டுப் போறேன்" என்கிறான்.

ஜூலை 4

"இன்னிக்கு உங்க தையல் கூடம்" என்றான், சூப்பைக் கிளறிக்கொண்டே.

"என் மிஷின்?"

"எல்லாம் லாரியில ஏத்தியாச்சு, ரோஸி. யாரோடதுன்னு பாத்தா ஏத்த முடியும்?"

கத்திவிட்டேன். உனக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா இல்லையா என்று கேட்டேன்.

"இருந்தா இந்த வேலையச் செய்ய முடியுமா?" என்றான். நிமிர்ந்து பார்க்கவேயில்லை.

ஆகஸ்ட் 20

ஊருக்கு வெளியே மேற்குக் கம்பெனி ஒன்று புதுத் தொழிற்சாலை கட்டுகிறது. வேலைக்கு ஆள் எடுக்கத் தேர்வு வைத்தார்கள். அன்னலோரேக்குக் கிடைத்தது, எனக்கு இல்லை. ஹென்னர் எழுதவே மறுத்துவிட்டான். அன்னலோரே வாசலில் நின்று, "உனக்குத்தான்டீ கிடைச்சிருக்கணும்" என்று அழுதாள். அவளை அணைத்துக்கொள்ள எனக்குக் கை வரவில்லை. பொறாமை. வேறென்ன? பொறாமைதான்.

செப்டம்பர் 15

உடைக்க இனி எதுவும் மிச்சமில்லை. ஹென்னர் நாளை மேற்கே போகிறான், வேறொரு கார்த் தொழிற்சாலைக்கு.

"நானும் வரட்டுமா?"

"ஒரே அறையில ஆறு ஆம்பளைங்க. எங்க வருவ நீ? வாராவாரம் வந்துடுவேன்."

அக்டோபர் 27

இந்த வாரமும் வரவில்லை. ஓவர்டைமாம்.

நவம்பர் 17, ஞாயிறு

ட்ஸ்விக் வீட்டுத் தொலைபேசியில் ஹென்னர் கூப்பிட்டான். "குளிர் ஆரம்பிச்சிடுச்சே, உன் கோட்டு இங்கயேதான் தொங்குது. அனுப்பி வைக்கட்டுமா?" என்றேன்.

"வேணாம் ரோஸி. இங்கயே ஒண்ணு வாங்கிட்டேன்."

"நல்ல கனமானதா?" என்று மட்டும் கேட்டேன்.