விடுபட்ட வரி

கிராட்ஸ்,
6 அக்டோபர் 1973

அன்புள்ள ஒட்டோகார்,

மூட்டு வலி எப்படி இருக்கிறது? இத்துடன் ஒரு புட்டி பூசணிவிதை எண்ணெய் அனுப்பியிருக்கிறேன். சாலட்டில் ஊற்றிக்கொள்ளத்தான். போன முறை மாதிரி முழங்காலில் தடவிவிடாதீர்கள்.

இந்த நூலகத்து வேலைக்காக நான் வியன்னாவை விட்டு வந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. மாதாமாதம் முதல் சனிக்கிழமை ரயிலேறி வந்து, நம் ஹார்டிங்கரின் நாடகங்களைப் பதிப்புக்காக உங்களோடு வாசித்துவிட்டுத் திரும்புவதாக ஏற்பாடு. ஆகஸ்டில் வெயில், வர வேண்டாம் என்றீர்கள். செப்டம்பரில் மழை, வர வேண்டாம் என்றீர்கள். அக்டோபரில் வானம் என்ன செய்தது என்று எழுதவே இல்லை.

நேற்று என் சித்தி மகள் ட்ராவ்டல் வியன்னாவிலிருந்து வந்தாள். காப்பியில் கிப்ஃபெல் ரொட்டியை நனைத்துக்கொண்டே சொல்கிறாள்: "ஏன்டி, உங்க டாக்டர் ரீட்லுக்கு என்ன ஆச்சு? யோசெஃப்ஷ்டாட்ல ஒரு கஃபேல, சின்னப் பொண்ணு ஒருத்தியோட உக்காந்து நாடகம் வாசிக்கிறாரு. வரிக்கு வரி கமா, முற்றுப்புள்ளின்னு சத்தமா சொல்லிக்கிறாங்க. பக்கத்து மேஜையில எல்லாம் சிரிக்கிறாங்க. ஏதாவது வேண்டுதலா?"

நானும் சிரித்து வைத்தேன். அவள் போனபிறகு பாத்திரம் கழுவும்போது ஒரு கோப்பை உடைந்தது.

பதினோரு வருடம் அப்படித்தானே வாசித்தோம். ஹார்டிங்கரின் கோழிக்கிறுக்கல் எழுத்தைப் படிக்க எனக்குத்தான் கண் பழகியிருந்தது. நான் கையெழுத்துப் பிரதியை எடுத்துக்கொண்டு கமா உட்பட வாசிப்பேன். நீங்கள் எதிரே உட்கார்ந்து தட்டச்சுப் பிரதியில் விரல் வைத்து ஒப்பிட்டுக்கொண்டே வருவீர்கள். வியன்னாவே மறந்துபோன ஒரு மனிதருக்கு நாம் இரண்டு பேர்தான் என்று நினைத்திருந்தேன். மூன்றாவது ஆள் யார் என்று தெரிந்துகொள்ளலாமா?

போன நவம்பரில் நீங்கள் மறந்துவிட்டுப் போன குடை இன்னும் என் வாசற்கதவோரம் நிற்கிறது. எடுத்துப்போக எப்போது வருகிறீர்கள்?

அன்புடன்,
ஹெர்மினா


வியன்னா,
15 அக்டோபர் 1973

அன்புள்ள ஹெர்மினா,

எண்ணெய் வந்தது. சாலட்டில்தான் ஊற்றினேன், கொஞ்சம் சட்டையிலும். ட்ராவ்டலிடம் வேண்டுதல்தான் என்று சொல்லிவிடுங்கள்.

அந்தப் பெண் ரோஸ்வித்தா கெர்ன், என் மாணவி. கெட்டிக்காரி. நான்காம் தொகுதியைக் கிறிஸ்துமஸுக்குள் முடிக்கச் சொல்லிப் பதிப்பகம் கழுத்தைப் பிடிக்கிறது. உங்களை மாதாமாதம் அலைக்கழிக்க வேண்டாமென்றுதான் அவளைச் சேர்த்துக்கொண்டேன். நான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் சொந்தக்காரம்மா உங்கள் கட்சிதான். "கிராட்ஸ் அம்மா வந்தா கேக் வரும். இந்தப் பொண்ணு ஆப்பிளைத் தின்னுட்டு விதையை என் பூந்தொட்டியில துப்புது" என்று நேற்றுகூடச் சண்டை.

அச்சுப்படிகளை இத்துடன் அனுப்புகிறேன், ஒருமுறை பார்த்துக்கொடுங்கள். இன்னொன்று. தலைப்புப் பக்கத்தில் பதிப்பாசிரியர்களாக நம் இருவர் பெயரோடு ரோஸ்வித்தாவின் பெயரையும் சேர்க்க நினைக்கிறேன். உங்கள் சம்மதம் வேண்டும்.

உங்கள்,
ஒட்டோகார்


கிராட்ஸ்,
24 அக்டோபர் 1973

ஒட்டோகார்,

'அஞ்சல் நிலையத்து விதவை', இரண்டாம் அங்கம். மழையில் வந்து தங்கிய விருந்தாளி கிளம்புகிறான். விதவை சொல்கிறாள்: "போங்கள், யார் தடுத்தார்கள்." அடுத்த வரி: "போங்கள், குடையை மட்டும் வைத்துவிட்டுப் போங்கள்." எனக்கு மனப்பாடம். அச்சுப்படியில் இந்த இரண்டாவது வரி இல்லை.

மூன்றாம் அங்கத்தில் அவன் எதற்குத் திரும்பி வருகிறான்? குடையை எடுக்க. அவள் அதை வாங்கி வைத்துக்கொண்டது எதற்கு? அவன் திரும்பி வர. அந்த வரி இல்லாமல் நாடகமே நொண்டுகிறது.

இரண்டு வரியும் ஒரே சொல்லில் தொடங்குவதால் தட்டச்சு செய்தவரின் கண் தாவியிருக்கும். அது யாருக்கும் நடக்கும். அதற்காகத்தானே எதிரெதிரே உட்கார்ந்து வாசிக்கிறோம்? ஒப்பிடுகிறவர் கண் தாளில் இருந்தால் இது தப்பவே முடியாது. உங்கள் கெட்டிக்காரி நீங்கள் வாசிக்க வாசிக்க உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாள். கஃபே முழுக்கச் சிரித்தது கமாவுக்காக அல்ல என்று இப்போது புரிகிறது.

பொறாமை என்றே வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு வயிறு எரிகிறது, மறைக்கப்போவதில்லை. நாம் சேர்ந்து கொண்டுவந்த மூன்று தொகுதிகளிலும் ஒரு வரி, ஒரே ஒரு வரி தவறியதுண்டா? அந்தப் பெயர் என் பெயருக்குப் பக்கத்தில் வரக்கூடாது. வந்தால் இந்த வரியோடு பதிப்புக் குழுவுக்கு எழுதுவேன். அதன்பிறகு எந்தப் பதிப்பிலும் அவளைச் சேர்க்க மாட்டார்கள் என்பது உங்களுக்கும் தெரியும்.

ஹெர்மினா


வியன்னா,
29 அக்டோபர் 1973

அன்புள்ள ஹெர்மினா,

நீங்கள் சொன்னது எல்லாம் சரி. நாற்காலி மட்டும் மாறிவிட்டது.

ரோஸ்வித்தா வசந்த காலத்திலேயே ஹார்டிங்கர் எழுத்தைப் படிக்கக் கற்றுக்கொண்டாள். கையெழுத்துப் பிரதியை வைத்து வாசிப்பது அவள். நான் எப்போதும் உட்காரும் இடத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். என் விரல் தாளில் இருந்தது, கண் இல்லை. அந்த வரியை அவள் வாசித்ததுகூட ஞாபகம் இருக்கிறது. விதவையின் குரலில் வாசித்தாள்.

அவளுக்கு இது எதுவும் தெரியாது. எனக்கு வயது ஐம்பத்தெட்டு. வீட்டுச் சொந்தக்காரம்மா கண்டுபிடித்துவிட்டார். "டாக்டர், அந்தப் பொண்ணு வர்ற நாள்ல துடைச்சுத் துடைச்சு மூக்குக்கண்ணாடியே தேயுது, பாத்துக்குங்க" என்கிறார். ஆகவே குழுவுக்கு எழுதுவதென்றால் என் பெயரை எழுதுங்கள்.

உங்களோடு வாசித்தபோது ஒரு வரியும் தவறியதில்லை. உண்மைதான். அதற்கு நான் என்றைக்கும் கடமைப்பட்டவன்.

உங்கள்,
ஒட்டோகார்


கிராட்ஸ்,
25 நவம்பர் 1973

மதிப்பிற்குரிய டாக்டர் ரீட்ல் அவர்களுக்கு,

அச்சுப்படிகளைத் திருப்பி அனுப்புகிறேன். விடுபட்ட வரியைச் சிவப்பு மையில் ஓரத்தில் எழுதியிருக்கிறேன். 'போங்கள்' என்பதற்குப் பிறகு கமா உண்டு, அச்சுக்கோப்பவர் விட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

குழுவுக்கு எழுதவில்லை, எழுதமாட்டேன். நான்காம் தொகுதியில் உங்கள் பெயரும் ரோஸ்வித்தா கெர்னின் பெயரும் இருக்கட்டும். என் பெயர் வேண்டாம். முதல் மூன்றில் இருப்பது போதும்.

உங்கள் கடிதம் வந்த அன்று அந்த மூன்று தொகுதிகளையும் இறக்கி வைத்தேன். கையெழுத்துப் பிரதிகளின் படங்கள்தான் என்னிடம் இருக்கின்றனவே. வேலை முடிந்து வந்ததும் தினமும் உட்கார்ந்து, வரி வரியாக, நானே வாசித்து நானே ஒப்பிட்டேன். எங்காவது உங்கள் கண் தாளைவிட்டு விலகி ஒரு வரி விடுபட்டிருக்காதா என்று தேடினேன். ஒரு வரி வேண்டாம், ஒரு கமாவாவது. நேற்றோடு முடிந்தது. எதுவும் விடுபடவில்லை, டாக்டர். மிகச் சுத்தமான பதிப்பு.

உங்கள் குடையைத் தனிப் பொதியாகத் தபாலில் அனுப்பியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஹெர்மினா பாயெர்ல்