அட்டவணையில் இல்லாத முப்பத்து நான்கு கிலோமீட்டர்

அன்புள்ள மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் நலம், அவளுடைய இடது முழங்காலை மட்டும் அந்த நலத்தில் சேர்க்க முடியாது. நீ நலமா என்று கேட்டுத்தான் தொடங்க வேண்டும், ஆனால் நீ நலமாக இருக்கிறாய் என்பதும், கொஞ்சம் சதை போட்டிருக்கிறாய் என்பதும், குழந்தைக்கு மேல்வரிசையில் இரண்டு பல் வந்துவிட்டது என்பதும் எனக்கு ஏற்கெனவே தெரியும். மூன்று வருடத்துக்குப் பிறகு நான் உனக்கு எழுதும் முதல் கடிதம் இது, அதனால் பூசி மெழுகாமல் கேட்டுவிடுகிறேன். போன மாதம் நீ குழந்தையோடு வந்து ஏரிக்கரை விடுதியில் நாலு நாள் தங்கிவிட்டுப் போனதை என்னிடம் சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்தது யார்? நீயா, அவர்களா? மற்றதற்கெல்லாம் நீ பதில் எழுதினாலும் சரி, எழுதாவிட்டாலும் சரி, இதற்கு மட்டும் நேராகப் பதில் வேண்டும். நான் எப்படிக் கண்டுபிடித்தேன் என்பதை முதலிலிருந்து எழுதுகிறேன், உன் சித்தப்பா வேறு மாதிரி சொல்லியிருப்பான், அவன் சொன்னதை அப்படியே நம்பாதே.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கையில் ஆரஞ்சுப் பையோடு வந்து நின்றான். நீ போன அன்று உன்னை விமான நிலையத்துக்குக் கொண்டுபோய் விட்டவன் அவன், அதற்குப் பிறகு நம் வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவன், திடீரென்று ஆரஞ்சு வாங்கிக்கொண்டு வந்தால் நான் என்ன நினைப்பது? எட்டு நாள் சுற்றுலா, ஒரு வேன், பத்துப் பேர், மூன்று தேசியப் பூங்கா, இரண்டு கோட்டை, ஓர் அருவி, ஒரு பழைய கல்பாலம் என்று தட்டச்சு செய்த தாளை நீட்டினான். அவனுடைய அலுவலக நண்பர்கள் இரண்டு குடும்பமும் வருகிறார்களாம், நான் வந்தால் ரோட்டைப் பற்றி விவரமாகச் சொல்ல ஆள் கிடைக்குமாம். இருபத்தெட்டு வருடம் சாலைத் துறையில் கிடந்து தேய்ந்தவனுக்கு விடுமுறையிலும் ரோட்டைக் காட்டுகிறான், எவ்வளவு கரிசனம் பார். நான் முடியாது என்று சொல்ல வாயைத் திறப்பதற்குள் உன் அம்மா, சமையலறையிலிருந்து கூடத்துக்கு வரவே சுவரைப் பிடித்துக்கொண்டு வருகிறவள், போகலாம் என்று சொல்லிவிட்டாள். அதோடு விட்டாளா, மறுநாள் பார்த்தால் அலமாரிக்குப் பின்னால் பெட்டியே கட்டித் தயாராக இருக்கிறது. அதில் மேலாக மஞ்சள் கம்பளி நூலில் பின்னிய ஒரு சின்னத் தொப்பி. யாருக்கு என்று கேட்டேன். உன் அத்தையின் பேரனுக்காம். அந்தப் பயலுக்கு ஏழு வயது, அந்தத் தொப்பியை அவன் முழங்கையில்தான் மாட்ட முடியும். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் பார்த்துக்கொண்டே இருந்தால்தான் விஷயம் தானாக வெளியே வரும் என்பதை எங்கள் அலுவலகத்தில் கற்றுக்கொண்டேன், எனக்குக் கீழே இருந்தவன் எனக்கு மேலதிகாரியாக வந்த கதையும் அப்படித்தான் எனக்குக் கடைசியில் தெரியவந்தது.

வேனில் என்னைக் கடைசி இருக்கைக்கு அனுப்பப் பார்த்தார்கள், கால் நீட்டி உட்காரலாமாம். நான் ஓட்டுநருக்குப் பின்னால்தான் உட்காருவேன் என்று உட்கார்ந்துவிட்டேன், அங்கிருந்தால் கிலோமீட்டர் மீட்டர் தெரியும். எங்கே வண்டியை நிறுத்தினாலும் மீட்டரைப் பார்த்து நோட்டில் எழுதிக்கொள்வது என் பழக்கம், அது உனக்கும் தெரியும், சின்ன வயதில் நீதான் எண்ணைப் படித்துச் சொல்வாய். உன் அத்தைக்கு அது பொறுக்கவில்லை. "இவன் டூர் வரல, இன்ஸ்பெக்‌ஷன் வந்திருக்கான். வண்டிய நிறுத்துனா ரெண்டு நிமிஷம் மூச்சை விட்டுட்டு வெளிய பாருடா" என்று எல்லார் முன்னாலும் சொன்னாள். ஐம்பத்தைந்து வயதில் டா. அக்கா என்பதால் போகட்டும் என்று விட்டேன். வெளியே பார்க்காமலும் இல்லை. முதல் பூங்காவில் செந்நிறப் பாறைகளுக்கு நடுவே ஒரு பள்ளத்தாக்கு, அதன் அடியில் ஆறு ஒரு நூல் போலக் கிடந்தது, மான்கள் தண்ணீர் குடிக்க இறங்குவது மேலே நின்ற எங்களுக்கு எறும்பு ஊர்வது போலத் தெரிந்தது. அரை மணி நேரம் பத்துப் பேரும் வாய் திறக்கவில்லை, நம் குடும்பத்தில் அது பெரிய விஷயம். ஆனால் அங்கே போகும் ரோட்டில் வளைவுகளுக்குச் சாய்வே கொடுக்கவில்லை, சிறுபாலம் ஒவ்வொன்றும் வாய் அடைத்துக் கிடக்கிறது, ஒரு மழைக்குத் தாங்காது. அதைச் சொன்னதற்குச் சித்தி இயர்போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டாள்.

இரண்டாம் நாளிலிருந்தே எனக்கு ஏதோ இடித்தது. நான் பக்கத்தில் போனால் பேச்சு நின்றுவிடும், உடனே யாராவது வெயிலைப் பற்றிப் பேசுவார்கள். உன் அம்மா சாயங்காலமானால் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு முக்கால் மணி நேரம் இருப்பாள், வெளியே வரும்போது ஒரு சொட்டு ஈரம் இருக்காது, கையில் மட்டும் போன் இருக்கும். நான்காம் நாள் ஏரிப் பூங்கா என்று தாளில் இருந்தது. சித்தப்பா காலையில் வந்து ஏரியில் தண்ணீர் இல்லையாம், அதனால் நேரே கோட்டை ஊருக்குப் போய்விடலாம் என்றான். விடுதி மேலாளரிடம் சும்மா பேச்சுக்கொடுத்தேன். ஏரி நிரம்பி வழிகிறது சார், போன வாரம்தான் மதகைத் திறந்தார்கள் என்றார். நிரம்பிய ஏரியை என் தம்பி ஒரே வார்த்தையில் வற்ற வைத்துவிட்டான், எங்கள் துறைக்கு வந்திருந்தால் என்னைவிட வேகமாக மேலே போயிருப்பான். உண்மையைச் சொல்கிறேன், அப்போது என் மனதில் உன்னைப் பற்றிய நினைப்பே வரவில்லை. என்னை ஏதோ ஒரு தாளில் கையெழுத்து வாங்கக் கூட்டிப்போகிறார்கள், அல்லது எனக்கு ஒரு வியாதி இருக்கிறது, எனக்கு மட்டும் சொல்லவில்லை, இந்த இரண்டில் ஒன்று என்றுதான் நினைத்தேன். இரண்டு நாள் என் நாடியை நானே பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஐந்தாம் நாள் காலையில் கோட்டை. கீழேயிருந்து உச்சிக்கு அறுநூறு படிக்கு மேல். வேனை விட்டு இறங்கியதும் ஒருவர் பின் ஒருவராக ஒன்பது பேருக்கும் முழங்கால் வலி வந்துவிட்டது. சித்தப்பாவின் நண்பர் ஒருவர் தினமும் காலையில் ஓடுகிறவர், அவருக்குக்கூட. நான் மட்டும் போய் நிதானமாகப் பார்த்துவிட்டு வர வேண்டுமாம், மூன்று மணி நேரம் ஆனாலும் பரவாயில்லையாம், எனக்கென்றே ஒரு வழிகாட்டியையும் பேசி வைத்திருந்தார்கள், ஓய்வுபெற்ற சரித்திர ஆசிரியர், பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாதவர், பொறுக்கி எடுத்திருக்கிறார்கள். இன்னொன்றும் கவனித்தேன். வெயில் படுகிறது என்று சொல்லி வேனின் முன்பலகை மேல் சித்தப்பா ஒரு துண்டை விரித்திருந்தான், சரியாக மீட்டரை மறைத்து. வெயில் வந்தது இடது பக்கம், துண்டு கிடந்தது வலது பக்கம். கோட்டை வாசலில் வேன் நின்றதும் துண்டைத் தூக்கி எண்ணைப் பார்த்து எழுதிக்கொண்டுதான் நான் இறங்கினேன். கோட்டையின் உச்சியில் பீரங்கி மேட்டில் நின்று, ஆசிரியர் ஒன்பது மாத முற்றுகையை நாள் நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது, நம் வெள்ளை வேன் கீழே வாகன நிறுத்தத்திலிருந்து கிளம்பி மேற்கே போவது தெரிந்தது. நான் இறங்கி வந்தபோது அது புறப்பட்ட இடத்திலேயே நின்றது, எல்லாரும் நிழலில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்கள், சரளைக்கல் மைதானத்தில் நின்ற வண்டியின் சக்கரத்தில் மட்டும் செம்மண். மீட்டரைப் பார்த்தேன். முப்பத்து நான்கு கிலோமீட்டர் கூடியிருந்தது. ஓட்டுநர் எதைக் கேட்டாலும் பார்க்கலாம் சார் என்பார், அதனால் உன் அத்தை அவருக்குப் பார்க்கலாம் என்றே பெயர் வைத்திருந்தாள். வண்டியை எங்கே எடுத்துப் போனீர்கள் என்று கேட்டதற்கும் அவர், "பார்க்கலாம் சார்" என்றுதான் சொன்னார். உன் அம்மாவின் தோளில் பால் கக்கிய கறை இருந்தது. பெட்டியைத் திறந்து பார்த்தேன், மஞ்சள் தொப்பி இல்லை. போகப் பதினேழு, வரப் பதினேழு. வரைபடத்தில் கோட்டையிலிருந்து மேற்கே பதினேழில் இருப்பது ஏரிதான். கையெழுத்தும் இல்லை, வியாதியும் இல்லை, நீதான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

ஆறாம் நாள் காலை அறையில் உன் அம்மா பெட்டியை மூடிக்கொண்டிருக்கும்போது, பதினேழு கிலோமீட்டரில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். அழுவாள் என்று நினைத்தேன். அவள் பெட்டியின் கொக்கியைப் போட்டுவிட்டு நிமிர்ந்து, "நீங்கதானே சொன்னீங்க, அவ வந்தா நான் இந்த வீட்ல இருக்க மாட்டேன்னு. வீட்டுக்குத்தானே வரக்கூடாது. அதான் வெளிய பார்த்துட்டு வந்தோம்" என்றாள். என்னிடம் ஏன் கேட்கவில்லை என்றேன். "கேட்டா வந்திருப்பீங்களா? இப்பவும் அவ அங்கதான் இருக்கா, சாயங்காலம்தான் கிளம்புறா. சொல்லுங்க, வண்டிய அந்தப் பக்கம் திருப்பச் சொல்றேன்." நான் சொன்னது இதுதான், அட்டவணையிலிருந்து நீங்களே அடித்துவிட்ட இடத்துக்கு நான் வர மாட்டேன். அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அந்த முழங்காலோடு தானே படியிறங்கினாள்.

கோட்டையிலிருந்து எட்டாவது கிலோமீட்டரில் இடது பக்கம் ஏரிக்குப் பிரியும் ரோடு. பலகையில் ஒன்பது என்று போட்டிருந்தது. ஓட்டுநர் வேகத்தைக் குறைத்தார், யாரும் சொல்லாமலே. சித்தப்பா கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தான். நான் நோட்டைத் திறந்து எழுதுவதற்கு ஒன்றுமில்லாமல் தேதியை இரண்டாம் முறை எழுதினேன். வேன் நேராகப் போனது. ஆறு கிலோமீட்டர் கல் தாண்டும்வரை எண்ணினேன், ஏழாவதில் டீ குடிக்கலாம் என்றேன். நிறுத்தினார்கள். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் கடை முன்னால் நின்றேன், எதற்கு நிறுத்தச் சொன்னேன் என்பது எல்லாருக்கும் புரிந்திருந்தது, எனக்கும் புரிந்திருந்தது, வாய்தான் வரவில்லை. சித்தப்பா பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தி, "திரும்பலாமாண்ணே?" என்றான். மூன்று வருடத்தில் அவன் என்னிடம் நேராகக் கேட்ட ஒரே கேள்வி. நான், டீ ஆறிப்போச்சு என்றேன். அவ்வளவுதான். அதற்குப் பிறகு பார்த்த பூங்காவும் கல்பாலமும் எனக்கு ஞாபகமில்லை, படங்களில் நான் நிற்கிறேன்.

ஆக, நான் கோபப்படுவேன் என்று ஒன்பது பேர் கூடி முடிவு செய்தார்கள், எனக்கு வாய்ப்பே தராமல் என்னைப் பற்றித் தீர்ப்பு எழுதினார்கள் என்று இத்தனை நேரம் எழுதிக்கொண்டு வந்தேன். வாய்ப்புக் கொடுத்தபோது அவர்கள் நினைத்ததுதான் சரி என்று நானே போய்ச் சாட்சி சொல்லிவிட்டேன். அதற்காக அவர்களை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே, அந்தத் துண்டை நான் மறக்க மாட்டேன். ஆனால் உன்னிடம் கேட்ட கேள்வி அப்படியே நிற்கிறது. எனக்குக் கீழே இருந்து மேலே போனவன் முன்னால் கைகட்டி நின்று உனக்கு நான் வாங்கி வந்த வேலையை நீ வேண்டாம் என்றுவிட்டு விமானம் ஏறினாய். அது எனக்கு இன்றும் ஆறவில்லை. இருந்தாலும் நீ என்னைப் பார்க்க வேண்டும் என்று கேட்டாய், அவர்கள்தான் தடுத்தார்கள் என்றால் எனக்கு அது ஒரு மாதிரி. நீயே வேண்டாம் என்றிருந்தால் அது வேறு மாதிரி. எதுவானாலும் எழுது, சமாளித்து எழுதாதே, உன் எழுத்தைப் பார்த்தால் எனக்குத் தெரிந்துவிடும்.

குழந்தையின் பெயரைச் சொல்ல உன் அம்மா இரண்டு முறை வாயெடுத்தாள், நான் நிறுத்திவிட்டேன், அதை நீ சொல்லித்தான் நான் கேட்க வேண்டும். அவள் முழங்காலுக்கு மருத்துவர் எழுதிய உறையைப் போடாமல் ஒளித்து வைக்கிறாள், போனில் பேசும்போது கண்டிப்பாகச் சொல், நீ சொன்னால்தான் கேட்கிறாள். குழந்தைக்குப் பல் வரும் நேரம், கையில் கிடைத்ததையெல்லாம் கடிக்கும், பார்த்துக்கொள். உன் கணவரையும் விசாரித்ததாகச் சொல். நீங்கள் மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல், ஒருவருக்கொருவர் ஒளிக்காமல் நன்றாக இருக்க வேண்டும். அடுத்த விடுமுறை எப்போது என்று தேதி போட்டு எழுது. அம்மாவுக்கும் வேண்டாம், சித்தப்பாவுக்கும் வேண்டாம், முதலில் எனக்கு எழுது. அவன் காரில் ஏறாதே, வளைவில் வேகம் குறைக்கத் தெரியாதவன். விமான நிலையத்துக்கு நான் வருகிறேன், நேரத்துக்கு முன்பே வந்து நிற்பேன், எந்த வாசல் என்று மட்டும் குறிப்பிட்டுவிடு.

இப்படிக்கு,
உன் அப்பா