முப்பத்தொன்றில் அடித்த மணி

மாட்டுங்கா லேபர் கேம்ப்,
பம்பாய்.
9-7-1966

அன்புள்ள பேராச்சிக்கு,

வெயிலுமுத்து எழுதுவது. நான் சுகம் என்று எழுத வேண்டும், எழுதிவிட்டேன். உன் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. கால் வீக்கம் வடிந்ததா என்று கேட்டதற்குப் பதிலே இல்லை. ஒன்பதாம் மாதத்தில் குடம் தூக்காதே என்றால் நீயா கேட்பாய்.

இங்கே மழை விடவில்லை. நேற்று சயான் பக்கம் தண்டவாளம் முங்கி லோக்கல் நின்றுபோனது. தாதர் வரை நடந்து, பஸ் பிடித்து, பதினொரு மணிக்கு ஆபீஸ் போனேன். நனைந்த சட்டையோடு முதலில் கேட்டது, தூத்துக்குடியிலிருந்து எனக்கு ட்ரங்க் கால் வந்ததா என்றுதான். இப்போதெல்லாம் யார் மேசையில் மணி அடித்தாலும் நான் எழுந்து ஓடுகிறேன். என்னோடு வேலை பார்க்கும் சாவந்துக்கு அவர் மாமியார் போட்ட போனைக்கூட நான் எடுத்துவிட்டேன். உனக்கென்ன பைத்தியமா என்று ஹெட் கிளார்க் எல்லார் முன்னாலும் கேட்டார்.

நீ உன் அண்ணனோடு பேசுவதே இல்லை என்று உன் மதினி தனியாக எழுதியிருக்கிறாள். ஒரே வீட்டில் இருந்துகொண்டு, எது வேண்டுமானாலும் அவள் சின்ன மகளிடம் சொல்லி அனுப்புகிறாயாம். நடுச்சாமத்தில் வலி வந்தால் வண்டி பிடிக்க ஓட வேண்டியது அவர்தானே? இதைப் படித்ததிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. உன் கோபத்துக்குக் காரணம் நான் சொன்ன ஒரு வார்த்தை. ஆபீஸுக்குப் போனே வரவில்லை என்று போன வருஷம் உன்னிடம் சொன்னவன் நான். மச்சான் போஸ்ட் ஆபீஸ் பக்கமே போகாமல் பொய் சொல்கிறார் என்று நீ முடிவு கட்டிவிட்டாய்.

அவர் போன் போட்டார் பேராச்சி. அது வந்தது.

எங்கள் செக்‌ஷனில் நாலு மேசை, நாலு போன். முப்பத்தொன்றாம் நம்பர் சாவந்த், முப்பத்துநாலு நான். எனக்கு வரும் போன் என் மேசையில் அடிக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். இந்தத் தடவை தவறிவிடக் கூடாதே என்று போன வாரம் டெலிபோன் போர்டில் உட்காரும் பாகீரதி அம்மாவிடம் போய்க் கேட்டேன். அவர்கள் விளக்கினார்கள். வெளியிலிருந்து எங்கள் செக்‌ஷனுக்கு எது வந்தாலும் முதலில் முப்பத்தொன்றுக்குத்தான் போகுமாம். சாவந்த் பேசிக்கொண்டிருந்தால் அடுத்ததற்குத் தாண்டும். அங்கேயும் பேசிக்கொண்டிருந்தால் அதற்கடுத்தது, கடைசியில் நான். ஆனால் சாவந்த் எழுந்து வெளியே போயிருந்தால் தாண்டாது. ஆள் இல்லாத மேசையிலேயே அடித்துக்கொண்டிருக்கும். லைன் காலியா என்றுதான் மிஷினுக்குத் தெரியும், நாற்காலி காலியா என்று தெரியாது.

பிறகு அவர்கள் போன வருஷத்து ட்ரங்க் கால் நோட்டை எடுத்துப் புரட்டினார்கள். ஏப்ரல் ஒன்பது, வெள்ளிக்கிழமை, மூன்று நாற்பது, தூத்துக்குடி, கேட்ட ஆள் வெயிலுமுத்து, பதில் இல்லை. அன்று போர்டில் இருந்தது லீவுக்குப் பதிலாக வந்த ஒரு பெண். எனக்குச் சொல்லாமலே விட்டுவிட்டாள்.

அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. மூன்று நாற்பது என்றால் சாவந்த் கீழே டீ குடிக்கப் போகிற நேரம். அன்று அந்த மணி அடித்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அவ்வளவு நேரம் அடித்தது. பக்கத்து மேசை கோர்படே காதைப் பொத்திக்கொண்டு கேலியாக ஏதோ சொன்னான், எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். எட்டடி தூரம் இருக்காது. அடுத்தவர் மேசை போனைத் தொட்டால் சாவந்த் சண்டைக்கு வருவார் என்று நான் எழுந்திருக்கவில்லை. அந்தப் பக்கம் மச்சான் ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு இதே மணியைத்தான் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறார்.

மறுநாள் தந்தி வந்த பிறகுதான் ரயில் ஏறினேன். வெள்ளிக்கிழமை சாயங்காலமே ஏறியிருந்தால் பிள்ளை முகத்தைப் பார்த்திருப்பேன். மூக்கு என்னை உரித்து வைத்திருந்தது என்று நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் வந்து இறங்கியபோது பிள்ளையை எடுத்துப் போய், வீட்டையும் கழுவிவிட்டிருந்தார்கள்.

இந்த நேரத்தில் உனக்கு இதை எழுதலாமா என்று நாலு நாளாக இன்லண்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். எழுதாமல் இருந்தால் உன் அண்ணன் செய்யாத தப்புக்கு உன் பாராமுகத்தைத் தாங்கிக்கொண்டே இருப்பார். திட்டுவதென்றால் என்னைத் திட்டி எழுது. சாப்பாட்டில் மட்டும் கோபத்தைக் காட்டாதே.

இருபதாம் தேதிக்கு முன்னால் லீவு தரமாட்டார்களாம். அதுவரை தூத்துக்குடி கால் எது வந்தாலும் நேரே என் மேசைக்கே போடுவதாகப் பாகீரதி அம்மா சொல்லியிருக்கிறார்கள். ஐந்து மணிக்கு மேல் போன் வாட்ச்மேனிடம் போகும். அவரிடம் கேம்ப் விலாசத்தை எழுதிக் கொடுத்திருக்கிறேன். பக்கத்து வீட்டுப் பிச்சம்மாள் அக்கா உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னாள்.

இன்லண்டில் இடம் முடிகிறது. படித்து முடித்ததும் இதை மச்சான் கையில் நீயே கொடு. சின்னவளிடம் கொடுத்தனுப்பாதே. வலி கண்டதும் அவரைக் கூப்பிடு. அவர் போன் போடட்டும். அது எந்த மேசையில் அடித்தாலும் நான் எழுந்துபோய் எடுப்பேன்.

செந்தூர் முருகன் உன்னையும் வயிற்றில் இருப்பதையும் பத்திரமாக என் கண்ணில் காட்டட்டும்.

உன்,
வெயிலுமுத்து